துவைக்கத் துவைக்க வெளுக்கும் மனம்

காலை ஒன்பது மணிக்குக் கோரிப்பாளையம் சந்திப்பில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த இரைச்சல் தெரியும். வைகைப் பாலம் ஏறி வரும் பஸ்கள் ஒரு பக்கம், தல்லாகுளத்தில் இருந்து வரும் வண்டிகள் ஒரு பக்கம், ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றி வரும் ஆட்டோக்கள் நடுவில். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. "இங்கே இருந்துகொண்டு மன அமைதிக்கு எங்கே போவது? மாசி 20-க்குச் சுவாமிதோப்புக்குப் போனால்தான் உண்டு" என்று அன்பர்கள் பலர் சொல்வது வழக்கம்.

பதியில் அமைதி கிடைப்பது உண்மைதான். ஆனால் அங்கே கிடைத்த அமைதி, பஸ் மாட்டுத்தாவணி வந்து சேருமுன் ஏன் தீர்ந்துபோகிறது? இந்தக் கேள்விக்கு அய்யா நடத்திய துவையல் தவசில் விடை இருக்கிறது. அதுவே இன்றைய பாடம்.

துவையல் தவசு சொல்வது என்ன?

அய்யா வைகுண்டர் சிங்காரத்தோப்புச் சிறையில் இருந்து மீண்டு வந்தபின், 700 குடும்பங்களைத் துவையல் தவசுக்காக வாகைப்பதிக்கு அனுப்பினார். பின்னர் முட்டப்பதியிலும் அந்தத் தவசு நடந்தது.

போனவர்கள் யார்? திருவிதாங்கூரில் ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் தோளில் சேலை போடக்கூடாது, இடுப்பில் குடம் வைக்கக்கூடாது என்று ஒடுக்கப்பட்ட மக்கள். வரி கட்டி ஓய்ந்த ஏழைகள். இன்று நமக்கு இருக்கும் கவலையைப்போல் பல மடங்கு கவலை அவர்களுக்கு இருந்தது.

அவர்களை அய்யா காட்டுக்கோ குகைக்கோ அனுப்பவில்லை. மனைவி மக்களைத் துறந்து வா என்றும் சொல்லவில்லை. குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனார்கள். தினமும் குளித்தார்கள். உடுத்த துணியைத் துவைத்தார்கள். ஒரு வேளை சமைத்து உண்டார்கள். அய்யாவை வேண்டினார்கள். குளிப்பதும் துவைப்பதும் சமைப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பவை. அந்த அன்றாட வேலையையே அய்யா தவசாக்கிக் கொடுத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, துவைப்பது தினமும் செய்யும் வேலை என்பது. தைப்பொங்கலுக்குத் துவைத்தாயிற்று, இனி அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கொள்வோம் என்று யாரும் இருப்பதில்லை. வெயிலில் உழைக்கிறவர் சட்டையில் அழுக்கு ஏறத்தான் செய்யும். அது குற்றம் அல்ல. துவைக்காமல் மறுநாளும் அதையே மாட்டிக்கொள்வதுதான் குற்றம். மனமும் அப்படியே. வருஷத்துக்கு ஒரு நாள் பதியில் வெளுத்துவிட்டு மீதி நாளெல்லாம் அழுக்கோடு நடந்தால் அமைதி எப்படித் தங்கும்?

ஓர் உதாரணம்

ஆட்டோ ஓட்டும் ஓர் அன்பரை எண்ணிப் பார்ப்போம். காலையில் நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டுதான் வண்டியை எடுக்கிறார். கிராமத்தில் இருந்து வந்த ஒரு அம்மா, முடியாத கணவரைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கேட்கிறார். இவர் கூலியைக் கூட்டிச் சொல்கிறார். அந்த அம்மா குறைத்துக் கேட்கிறார். "காசில்லாட்டி நடந்து போங்க" என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிடுகிறது. அவர்கள் நடந்தே போகிறார்கள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. டிராபிக் என்கிறார், வண்டிக் கடன் என்கிறார், வீட்டில் எரிந்து விழுகிறார். ஆனால் கண்ணை மூடினால் வருவது அந்தப் பெரியவர் தள்ளாடி நடந்த நடைதான். கலி என்பது எங்கோ நிற்கும் அரக்கன் என்று நினைக்க வேண்டாம். "எனக்கு மட்டும்" என்று உள்ளே பேசுகிற குரல்தான் கலி. சந்திப்பின் இரைச்சல் வீடு வரை வராது. இந்தக் குரல் படுக்கை வரை வரும்.

அந்த அம்மாவை இனித் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மறுநாள் அதே இடத்தில் இன்னொரு முடியாதவர் நிற்பார். அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் கைபிடித்து இறக்கிவிடலாம். அதுதான் துவையல். அதுதான் தர்மமும்.

பொறுமை வேறு, பயம் வேறு

மனதைத் துவைப்பது என்றால் அநியாயத்தை விழுங்குவது என்று சிலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். நம்மை ஒருவர் சாதி சொல்லி இழிவு செய்தால், கூலியைப் பிடித்துக்கொண்டால், தலை குனிந்து போக அய்யா சொல்லவில்லை. தலைப்பாகை கட்டி நிமிர்ந்து வரச் சொன்னார். எல்லாரும் ஒன்றாக நீர் இறைக்க முத்திரிக்கிணறு வைத்தார். சிறைக்குப் போய் வந்தபிறகும் தன் வழியை விட்டுவிடவில்லை. நியாயத்தை நிமிர்ந்து கேட்க வேண்டும். கேட்டபின் பகையை உள்ளே சேர்த்து வைக்கக்கூடாது. நியாயம் கேட்கத் துணிவு வேண்டும், பகையைக் கழுவப் பொறுமை வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

தினமும் செய்ய வேண்டியது

நம் பதிகளிலும் தாங்கல்களிலும் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. அதன் முன் நிற்பவருக்குத் தெரிவது தன் முகம். வீட்டிலும் மாலையில் விளக்கேற்றியபின் கண்ணாடி முன் ஐந்து நிமிடம் அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

இன்று யார் மனம் என்னால் நோயுற்றது?

இன்று யாரைப் பற்றிய பகையை நான் சுமந்து வந்தேன்?

நாளை யாருக்கு ஒரு பிடி அன்னமோ, ஒரு கை உதவியோ கொடுக்கப் போகிறேன்?

விடை கிடைத்தால் மறுநாளே செய்ய வேண்டும். செய்யாத விடை சோப்புப் போட்டு அலசாத துணி.

சுவாமிதோப்புக்குப் போவோம், தவறாமல் போவோம். ஆனால் துவைக்கும் கல் நம் வீட்டிலேயே கிடக்கிறது. கோரிப்பாளையத்திலும் கிடக்கிறது.

அய்யா உண்டு.