மைக்கில் உங்கள் குரல் தெளிவாக விழுகிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஸ்பீக்கரில் பாட்டு கேட்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுகிறார்கள். மைக்கை யாரும் சோதிப்பதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, எங்கள் சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவில் வேலை பார்த்தவர்கள் வீட்டிலிருந்தே மீட்டிங்கில் பேசத் தொடங்கியபோதுதான் பலருக்கு மைக் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது. இப்போது வேலைக்கான இண்டர்வியூகூட வீடியோவில் நடக்கிறது.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு பெண், இன்ஜினியரிங் கடைசி வருடம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு புது லேப்டாப்போடு வந்தாள். "அங்கிள், திங்கட்கிழமை இண்டர்வியூ. நான் பேசறது கிணத்துக்குள்ளேர்ந்து வர மாதிரி இருக்காம். வேற மைக் வாங்கிடட்டுமா?"

"முதல்ல உன் குரலை நீயே கேட்டுப் பாரும்மா. அப்புறம் கடைக்குப் போகலாம்" என்றேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். வீடியோ கால் புரோகிராமில் சோதித்தால் இண்டர்நெட் கோளாறும் சேர்ந்து குழப்பும். ஸ்டார்ட் பட்டனை கிளிக் செய்து சவுண்ட் ரெக்கார்டர் என்று தேடித் திறந்துகொள்ளுங்கள். (எக்ஸ்பி காலத்தில் இதே பெயரில் இருந்த புரோகிராம் 60 விநாடியில் நின்றுவிடும். இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை.) ரெக்கார்ட் பட்டனை அழுத்தி, முதல் ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். பிறகு "சிறுசேரி சிப்காட் சாலை" என்றும், "பட்டாசு படபடவென்று" என்றும் வழக்கமான குரலில் சொல்லுங்கள். 'சி' சீறினாலும், 'ப' வரும்போது டப் டப் என்று காற்று அடித்தாலும் மைக் வாய்க்கு நேர் எதிரே இருக்கிறது என்று பொருள். சற்றுப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். பதிவானதை ஹெட்போனில் கேளுங்கள்.

ஒன்றுமே பதிவாகவில்லையா? டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸ் போங்கள். இன்புட் பகுதியில் நீங்கள் பேசும் மைக்தான் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் மைக்ரோஃபோன் அனுமதி ஆன் ஆகியிருக்க வேண்டும். சில லேப்டாப் கீபோர்டுகளில் மைக்கை மியூட் செய்ய ஒரு கீ உண்டு. விரல் தவறிப் பட்டாலே போதும்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் குரல் பதிவானது. ஆனால் பேசாமல் விட்ட ஐந்து விநாடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம், கூடவே ஃபேன் சத்தம். சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடி பதிவு செய்யச் சொன்னேன். ரீங்காரம் போய்விட்டது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி என்ற கணக்கில் திசை மாறி மாறி வருகிறது. எர்த் சரியில்லாத பிளக் பாயிண்டில் சார்ஜரைச் செருகினால் அந்த அதிர்வு மைக்கிலும் கலந்துவிடும். எர்த் உள்ள வேறு மூன்று பின் பாயிண்டில் செருகிப் பார்க்கலாம். இல்லையென்றால் பேட்டரியை முழுதாக ஏற்றிக்கொண்டு, பேசும் நேரம் மட்டும் சார்ஜரைக் கழற்றிவிடலாம்.

அடுத்தது மைக்ரோஃபோன் பூஸ்ட். சவுண்ட் செட்டிங்ஸில் கீழே மோர் சவுண்ட் செட்டிங்ஸ் இருக்கும். அதில் ரெக்கார்டிங் டேபில் மைக்கை டபுள் கிளிக் செய்து லெவல்ஸ் டேபைத் திறந்தால் பூஸ்ட் தெரியும். (எல்லா லேப்டாப்பிலும் இது இருக்காது.) அவள் +30 டெசிபலில் வைத்திருந்தாள். குரல் சிறிதாகக் கேட்டால் பலரும் இப்படித்தான் ஏற்றிவிடுகிறார்கள். பூஸ்ட்டுக்குக் குரல் எது, ஃபேன் எது என்று தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்தே பெரிதாக்கும். +10-க்கு இறக்கினோம்.

குரல் குறைகிறதே என்றால் மைக்கை அருகில் கொண்டு வாருங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் உங்கள் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். ஃபேன் சத்தம் அப்படியே நிற்கும். லேப்டாப்பின் மைக் முகத்திலிருந்து இரண்டடி தள்ளி இருக்கிறது. செல்போனுக்கு வாங்கிய மைக் வைத்த இயர்போனே அதைவிட நன்றாக வேலை செய்யும். அவளும் வீட்டில் கிடந்த அண்ணனின் இயர்போனைத்தான் செருகினாள்.

கிணற்றுக் குரலுக்குக் காரணம் அறைதான். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள புது ஃப்ளாட் ஹாலில் குரல் முட்டித் திரும்புகிறது. மெத்தை, திரைச்சீலை, துணி நிறைந்த படுக்கையறையில் அது பெரும்பாலும் அடங்கிவிடும். எங்கள் ஊரில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வேறு வீசும். கிழக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசுவது நல்லது.

இயர்போனைச் செருகும்போது அதன் பின்னைக் கவனியுங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே பின்னில் உள்ளன. லேப்டாப்பின் ஒற்றைத் துளைக்கு அது பொருந்தும். மேஜைக் கம்ப்யூட்டரில் பச்சை, பிங்க் என்று தனித்தனித் துளைகள் இருந்தால் இரண்டாகப் பிரிக்கும் சிறு கேபிள் ஒன்று வாங்க வேண்டும். புளூடூத் ஹெட்செட்டில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் ஒலியின் தரம் இறங்குவது பல மாடல்களில் வழக்கம். இண்டர்வியூ போன்ற நேரத்தில் நான் வயர் வைத்ததைத்தான் எடுப்பேன்.