டிரைவர் கிடைக்கவில்லையா, தங்கவில்லையா?

நாமக்கல், சங்ககிரி, கரூர் பக்கம் எந்த லாரி ஆபீசில் போய் உட்கார்ந்தாலும் கால் மணி நேரத்தில் பேச்சு அங்கே வந்துவிடும்: "வண்டி நிக்குதுங்க, ஓட்ட ஆள் இல்லை." டீசல், டோல், டயர், இன்சூரன்ஸ் பற்றிய புலம்பல் எல்லாம் அதற்குப் பிறகுதான். பத்து வண்டி வைத்திருப்பவருக்கு இரண்டு வண்டி செட்டில் நிற்கிறது. தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்துவிடுகிறது. அந்தக் கவலை பொய்யில்லை. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பல, ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்டுப் பழகிப்போனவை. அவற்றை நம்பி ஆள் எடுப்பதால்தான் அடுத்த மாதமும் அதே வண்டி நிற்கிறது. தமிழ்நாட்டுக்குள்ளும், பக்கத்து மாநிலங்கள் வரையிலும் சரக்கு ஓட்டும் சிறு, நடுத்தர முதலாளிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: லாரி ஓட்ட ஆளே இல்லை.

ஆள் இருக்கிறார்கள், லாரியில் இல்லை. ஹெவி லைசென்ஸ் எடுத்தவர் அதைத் தூக்கி எறிந்துவிடவில்லை. காலேஜ் பஸ் ஓட்டுகிறார், கம்பெனி பஸ் ஓட்டுகிறார், கால் டாக்சிக்குப் போயிருக்கிறார், வளைகுடாவுக்கு விமானம் ஏறியிருக்கிறார். அங்கெல்லாம் எத்தனை மணிக்கு வேலை முடியும், எந்த நாள் லீவு என்பது அவருக்குத் தெரியும். அமெரிக்காவிலும் பல ஆண்டுகளாக இதே 'டிரைவர் பஞ்சம்' பேச்சுதான். 2019-இல் ஸ்டீபன் பர்க்ஸ், கிறிஸ்டன் மொனாகோ என்ற இரு பொருளியலாளர்கள் அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் ஆய்விதழில் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். லாரி டிரைவர் வேலைச் சந்தை மற்ற உடலுழைப்பு வேலைகளின் சந்தையைப் போலத்தான் இயங்குகிறது, கூலியும் நிலைமையும் சரியாக இருந்தால் ஆள் வருவதற்குத் தடை ஏதும் தெரியவில்லை என்பதே அவர்கள் கண்டது. ஆட்கள் ஓயாமல் மாறுவது நெடுந்தூர லோடு ஓட்டும் பிரிவில்தான் அதிகம்.

நம் ஊரில் இதற்கு மேல் இன்னொரு காரணம் உண்டு. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கிளீனர் சீட் காலியாகிவிட்டது.

முப்பது வருடத்துக்கு முன்பு லாரி டிரைவர் ஆனவர்களைக் கேட்டால், பெரும்பாலானோர் கிளீனராகத்தான் வண்டி ஏறியிருப்பார்கள். லிவரால் டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்தே காற்றைச் சொல்லக் கற்றார்கள். லோடு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைப் பின்னால் நின்று பார்த்தே கண்டுபிடிக்கக் கற்றார்கள். மழை வருமுன் தார்ப்பாய் இழுத்துக் கயிறு போட்டார்கள், ஜாக்கி வைத்தார்கள், கிரீஸ் அடித்தார்கள். இடது பக்க சீட்டில் இரண்டு மூன்று வருடம் விழித்திருந்து ரோட்டைப் படித்தார்கள். அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங் கைக்கு வந்தது. அதைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். படிக்க வேண்டிய வயதில் ஏறிய பையன்கள் அவர்கள். அடி வாங்கியவர்கள் உண்டு, சோற்றுக்கு மட்டும் உழைத்தவர்கள் உண்டு. இன்று அந்த வயதுப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பது நல்லது. ஆனால் அந்த சீட் செய்துகொண்டிருந்த வேலைக்கு மாற்றாக நாம் எதையும் வைக்கவில்லை. செலவு மிச்சம் என்று ஒற்றை டிரைவரை அனுப்பினோம். கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார், கற்றுக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை.

கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. நாமக்கல்லிலேயே அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கிருந்து வெளியே வருபவரிடம் நம் ஆபீஸ்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வருஷம் ஓட்டியிருக்கே?" எல்லோருமே அனுபவசாலியைக் கேட்டால் அனுபவத்தை யார் கொடுப்பது? இருபது வயது நிரம்பிய, லைசென்ஸ் உள்ள ஒருவரைச் சம்பளத்தோடு ஆறு மாதம் இடது சீட்டில் உட்கார வைக்கும் முதலாளிக்கு அடுத்த சில வருடங்களுக்கான ஆள் அங்கேயே தயாராகிவிடுவார். கற்றுக்கொடுக்கும் மூத்த டிரைவருக்கும் அதற்கென்று தனியாக ஒரு தொகை கொடுக்க வேண்டும். அது அவருடைய உழைப்பு.

நம்பிக்கை: லைசென்ஸும் பேட்ஜும் சரியாக இருந்தால் டிரைவர் சரி.

லைசென்ஸ் ஓட்ட அனுமதி தருகிறது. அவர் ஓட்டியது ஆறு சக்கரமா, டிரெய்லரா, மலைப்பாதை பழக்கமா என்று அதில் எழுதியிருக்காது. மொத்த எடை 35 டன் வரும் பன்னிரண்டு சக்கர வண்டி, வெறும் வண்டியில் டெஸ்ட் கொடுத்துத் தேறியவரின் காலுக்குக் கட்டுப்படுமா என்பதை அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

நாமக்கல்லில் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் மேனேஜராக இருக்கும் பெரியவர் ஒருவர், பழைய டிரைவர். வேலை கேட்டு வருபவரிடம் சாவியைக் கொடுத்து, "தம்பி, வண்டியை எடுத்துட்டு வா" என்று மட்டும் சொல்வார். பிறகு பேசமாட்டார். நேராகக் கேபினில் ஏறி ஸ்டார்ட் செய்பவரை அவர் மனம் ஏற்காது. நல்ல டிரைவர் முதலில் வண்டியைச் சுற்றி வருவார். பின்பக்க இரட்டை டயருக்கு நடுவில் கல் மாட்டியிருக்கிறதா என்று குனிவார். அடியில் ஆயில் சொட்டியிருக்கிறதா என்று தரையைப் பார்ப்பார். ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுவார். ஸ்டார்ட் செய்தபின் ஏர் ஏறும்வரை காத்திருந்து, எங்காவது கசியும் சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பார். அடுத்து, லோடு ஏற்றும் மேடைக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்வார் மேனேஜர். கண்ணாடியை மட்டும் நம்பி ஒரே மூச்சில் அணைப்பவரைவிட, சந்தேகம் வந்ததும் பிரேக் போட்டு இறங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறுபவருக்குத்தான் அவரிடம் வேலை. கடைசியாக, பாரம் ஏற்றிய வண்டியில் தன் மூத்த டிரைவரோடு ஒரு டிரிப். அரை நாள் வேலைதான் இது. ஆனாலும் பல இடங்களில், ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அன்று ராத்திரியே லோடோடு அனுப்பிவிடுகிறார்கள்.

இந்த அரை நாள் சட்டப்படியும் முதலாளியைக் காக்கும். லைசென்ஸ் போலி என்று பின்னால் தெரியவந்த வழக்குகளில், 2003-இல் லெஹ்ரு வழக்கிலும் 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் முதலாளி நியாயமான கவனம் எடுத்தாரா என்று பார்த்தது. ஒவ்வொரு லைசென்ஸையும் ஆர்.டி.ஓ. ஆபீசில் போய் விசாரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. லைசென்ஸைப் பார்த்து, ஓட்டச் சொல்லித் திறமையைச் சோதித்துத்தான் வேலைக்கு வைத்தேன் என்று காட்டச் சொன்னது. இன்று பரிவாகன் தளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் உடனே விவரம் வந்துவிடும். அதைக்கூடப் பார்க்காமல் சாவி கொடுப்பதற்கு நியாயம் இல்லை. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் முதலாளிக்குத் தனியாக அபராதம் உண்டு என்பதும் நினைவிருக்கட்டும்.

இதோடு சேர்ந்த இரண்டு பழைய கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்பது 2019-லேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் கேஸ் டேங்கர் போன்ற அபாயகரமான சரக்குக்கு விதி வேறு: எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், தனிப் பயிற்சிச் சான்றும் வேண்டும். சின்ன வண்டிக்கும் பேட்ஜ் வேண்டும் என்பது அடுத்தது. மொத்த எடை 7500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைச் சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. சின்ன வண்டியில் சேர்த்து, பழக்கி, பெரிய வண்டிக்கு ஏற்றுவதற்கு இது நல்ல வழி.

நம்பிக்கை: மைலேஜ் கொடுப்பவர்தான் நல்ல டிரைவர்.

இந்த ஒரு நம்பிக்கை உயிரைக் குடிக்கிறது. தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தைத் தெரியாத டிரைவர் இல்லை. அங்கே இரட்டைப் பாலத்தருகே நடந்த விபத்துகளையும் எல்லோரும் அறிவோம். பாரத்தோடு வரும் வண்டியை நியூட்ரலில் விட்டு இறக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் கொடுத்தால் மிச்சம் உனக்கு, குறைந்தால் உன் கணக்கில் பிடிப்பேன் என்ற பேச்சிலிருந்து வந்தது.

நியூட்ரலில் இறங்கும் வண்டிக்கு இன்ஜின் பிடிப்பு கிடையாது. முழுப் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். மிதித்து மிதித்து டிரம் சூடேறி, ஒரு கட்டத்தில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. இத்தனைக்கும் இன்றைய எலெக்ட்ரானிக் இன்ஜின்களில் நியூட்ரலால் டீசல் மிச்சமாவதும் இல்லை. கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால் இன்ஜின் டீசல் தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலில் ஓடுவதற்கு டீசல் குடிக்கும். புது டிரைவரிடம் "என்ன மைலேஜ் கொடுப்பே?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "தொப்பூரை எந்த கியரில் இறக்குவே?" என்று கேளுங்கள். மைலேஜ் கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டி, லோடு, ரோடு மூன்றையும் பார்த்துப் போடுங்கள்; குறைந்ததை டிரைவர் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.

நம்பிக்கை: அட்வான்ஸ் கொடுத்து, ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி வைத்தால் ஓடிப்போகமாட்டார்.

போவார். அட்வான்ஸை இன்னொரு முதலாளி கட்டி அழைத்துப் போவார், அவரிடமிருந்து மற்றொருவர். கடன் மட்டும் ஆபீசுக்கு ஆபீஸ் ஏறிக்கொண்டே போகும். கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிப்போடுவது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வரக்கூடிய விஷயம் என்பதைப் பல முதலாளிகள் யோசித்ததே இல்லை. லைசென்ஸ் அவருடைய சொத்து. அதைப் பூட்டி வைக்க நமக்கு உரிமை இல்லை. பிள்ளைக்கு ஃபீஸ், வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு என்று முன்பணம் கேட்டால் கொடுங்கள். எழுதிக் கொடுங்கள், மாதம் எவ்வளவு கழியும் என்பதையும் அதில் எழுதுங்கள்.

நம்பிக்கை: சம்பளத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும்.

சம்பளம் கூட வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் வேலையை விட்டவர்களிடம் பேசினால் அவர்கள் முதலில் சொல்வது காத்திருப்பைத்தான். குடோன் வாசலில் லோடு இறக்க இரண்டு நாள் நிற்கிறார்கள். வண்டி ஓடினால்தான் காசு என்ற கணக்கில் அந்த இரண்டு நாளும் அவருக்கு வருமானம் இல்லை. கழிப்பறை இல்லை, படுக்க நிழல் இல்லை, வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார். சரக்குக்காரரிடம் ஹால்ட் வாடகை வாங்கும் ஆபீஸ்கூட, அதில் டிரைவருக்கு எவ்வளவு என்று சொல்வதில்லை.

அடுத்தது தூக்கம். 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுப்பு என்று வகுத்தது. அறுபது வருடம் தாண்டியும் நம் லைனில் அது ஏட்டோடுதான் நின்றது. "விடியறதுக்குள்ள போயிரணும்" என்று போனில் சொல்லும்போது, பின்னிரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் உடம்பு தானாகவே தூக்கத்தைத் தேடும் என்பது நமக்கு நினைவில் இருக்க வேண்டும்.

மூன்றாவது பயம். 2024 ஜனவரியில் நாடு முழுக்க லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். கவனக்குறைவாக ஓட்டிய விபத்தில் உயிர் போய், தகவல் சொல்லாமல் ஓடிப்போனால் பத்து ஆண்டு வரை சிறை என்ற புதுச் சட்டப் பிரிவை எதிர்த்துத்தான். ஜூலையில் பாரதிய நியாய சம்ஹிதா அமலுக்கு வந்தபோது அந்தப் பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். பயம் நிற்கவில்லை. கூட்டம் கூடி அடிக்குமோ, முதலாளி போனை எடுப்பாரோ என்பதுதான் டிரைவரின் கவலை. விபத்தானால் யாரைக் கூப்பிட வேண்டும், ஜாமீனுக்கு யார் வருவார், வீட்டுக்கு யார் சொல்வார் என்பதை வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிவிடும் ஆபீஸை டிரைவர்கள் மறப்பதில்லை.

இங்கேதான் உள்வட்டார ஃபிளீட்டுக்கு ஒரு பலம் இருக்கிறது. வடநாட்டு லைனில் போனவர் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. திருப்பூரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கோ, நாமக்கல்லிலிருந்து கேரளத்துக்கு முட்டை ஏற்றிக்கொண்டோ ஓடுபவரை வாரத்தில் குறிப்பிட்ட நாள் வீட்டுக்கு அனுப்ப முடியும். முடியும் என்றால் அதை வாக்காகக் கொடுங்கள். "டிரைவர் தேவை, நல்ல சம்பளம்" என்று போர்டு எழுதுவதற்குப் பதில், எந்த லைன், எந்தக் கிழமை வீடு, ஹால்ட் படி எவ்வளவு என்று எழுதுங்கள். காலேஜ் பஸ்ஸுக்குப் போனவர்கூட அந்தப் போர்டை நின்று படிப்பார்.

நம்பிக்கை: பெண்களுக்கு இது ஒத்துவராது.

கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-இல் அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பவர் ஸ்டியரிங் எல்லாம் பரவலாக வராத காலம் அது. இன்றைய லாரி அதைவிட லேசாகத் திரும்பும். 2025 முதல் புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபினும் கட்டாயம். தடை வண்டியில் இல்லை, வண்டி போய் நிற்கும் இடங்களில் இருக்கிறது: பூட்டுப் போடக்கூடிய கழிப்பறை, வெளிச்சமுள்ள பார்க்கிங், ராத்திரி தங்கக் கதவுள்ள ஓர் அறை. காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் குறுந்தூர லைனில் இரண்டு பெண்களைச் சேர்த்துத் தொடங்கலாம். லோடு இறக்கும் குடோன்காரரிடம் கழிப்பறைக்காக முதலாளியே ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கும். அதை ஆண் டிரைவர்களுக்காக நாம் எப்போதோ பேசியிருக்க வேண்டும்.