நாய்க்குக் கூண்டுப் பழக்கம்

விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல் பகுதியில் பிறக்கும் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இனக் குட்டிகளில் பல சென்னைக்குப் போகின்றன. ஆட்டுக்கும் கோழிக்கும் காவலாக நாய் வளர்க்கும் சிறு விவசாயிக்கு, ஓர் ஈற்றில் கிடைக்கும் குட்டிகள் கைச்செலவுக்கு உதவும் வரவாகும். சென்னையிலும் நாட்டு இனங்களுக்கு நெடுநாளாக விருப்பம் உண்டு. சைதாப்பேட்டையில் கால்நடைப் பராமரிப்புத் துறை பல ஆண்டுகள் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை நடத்தி இக்குட்டிகளை விற்று வந்தது. 2005-இல் ராஜபாளையம் நாயின் படத்துடன் அஞ்சல் தலையும் வெளிவந்தது.

ஆனால் குட்டி போய்ச் சேரும் இடம் எப்படிப்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வாங்குபவர் ராஜா அண்ணாமலைபுரத்தில் அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில் குடியிருப்பவராக இருக்கலாம். அங்கே களம் இல்லை. படுக்க வேப்பமரத்து நிழல் இல்லை. தாயும் உடன்பிறந்த குட்டிகளும் இல்லை. முதல் இரவு குட்டி விடிய விடியக் கத்துகிறது. பக்கத்து வீட்டார் முறையிடுகின்றனர். குட்டியை பால்கனியில் கட்டிப் போடுகின்றனர். கத்தல் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. சில நாட்களில் "குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தகவல் வரலாம். அதுவும் முடியாதபோது குட்டி தெருவுக்கு வந்துவிடுகிறது.

குட்டி நம்மிடம் இருக்கும்போதே கூண்டில் நிம்மதியாகப் படுக்கப் பழக்கிவிட்டால் இந்தத் துன்பத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை. பொறுமை வேண்டும்.

கூண்டு சிறையல்ல

அந்தி சாய்ந்ததும் கோழி தானே கூட்டில் போய் அடைகிறது. யாரும் அதை இழுத்துப் போடுவதில்லை. அந்த இடம் பாதுகாப்பானது என்று கோழிக்குத் தெரியும். நாய்க்கும் கூண்டு அவ்வாறே ஆகவேண்டும். நாய் தானே உள்ளே போய்ப் படுப்பதே பழக்கம். நாம் தள்ளிக் கதவைச் சாத்துவது பழக்கம் ஆகாது. கதவைச் சாத்துவது இப்பயிற்சியின் கடைசிப் படி. பலர் அதையே முதல் படியாகச் செய்து விடுவதால்தான் நாய் கூண்டைக் கண்டாலே ஓடுகிறது.

விற்பனைக்கு மட்டுமன்றி, நம் வீட்டுக் காவல் நாய்க்கும் இப்பழக்கம் தேவை. வயலில் பூச்சிமருந்து தெளிக்கும் நாளிலும், வரப்பில் எலி மருந்து வைக்கும் நாளிலும் நாய் வெளியில் திரியாமல் இருத்தல் வேண்டும். கருத்தடை அறுவை செய்த நாய், கால் முறிந்த நாய் ஆகியவற்றை ஓரிடத்தில் வைத்திருக்கவும், கால்நடை மருத்துவமனைக்கு வண்டியில் கொண்டு செல்லவும், தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடாமல் காக்கவும் கூண்டு உதவும்.

கூண்டின் அளவு

நாய் தலை இடிக்காமல் நிற்கவும், ஒரே இடத்தில் திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். நாயின் மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை அளந்து, அதனுடன் அரை அடி கூட்டினால் கூண்டின் நீளம் கிடைக்கும். நிற்கும் நாயின் தலை உச்சி வரை அளந்து நான்கு அங்குலம் கூட்டினால் உயரம் கிடைக்கும். வளர்ந்த ராஜபாளையம் நாய்க்குச் சுமார் 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 3 அடி உயரம் தேவைப்படும்.

குட்டிக்கு அவ்வளவு பெரிய இடம் கொடுத்தால் ஒரு மூலையில் படுத்து, மறு மூலையில் சிறுநீர் கழிக்கும். நாய் தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய விரும்பாது என்பதே இப்பயிற்சியின் அடிப்படை. எனவே பெரிய கூண்டின் நடுவே பலகையால் தடுத்து, குட்டி வளர வளரப் பலகையைத் தள்ளி வைக்கலாம்.

கம்பிக் கூண்டு, மரச்சட்டக் கூண்டு எதுவாயினும் குறைந்தது மூன்று பக்கம் காற்று புக வேண்டும். தகரப் பெட்டி கூடவே கூடாது. ஆணி முனை, கம்பி முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தரையில் பழைய வேட்டி, சேலையை மடித்துப் போட்டால் போதும். உரச் சாக்கு, பூச்சிமருந்து வந்த அட்டைப்பெட்டி, கரையான் மருந்து பூசிய பலகை ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. குட்டி எதையும் கடித்துப் பார்க்கும். அதில் ஒட்டியிருக்கும் நஞ்சு உள்ளே போய்விடும்.

பழக்கும் முறை

குட்டி பிறந்த ஆறாவது வாரத்தில் கதவைக் கழற்றிய கூண்டைத் தாய் படுக்கும் இடத்தின் அருகே வைத்துவிடலாம். குட்டிகள் கூட்டமாக உள்ளே போய் உறங்கும். இதுவே பாதிப் பயிற்சி ஆகிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு குட்டியையும் தனியே பழக்கலாம்.

முதல் மூன்று நாள்: கதவைத் திறந்து கட்டி வைக்கவும். காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டால் குட்டி பயந்துவிடும். உணவுத் தட்டை முதலில் கூண்டு வாயிலிலும், அடுத்த வேளை சற்று உள்ளேயும், பின்னர் கடைசியிலும் வைக்கவும். வேகவைத்த ஈரல் அல்லது முட்டைத் துண்டை உள்ளே போட்டு, குட்டி தானே எடுக்கும்படி விடவும்.

நான்காம் நாள் முதல் ஆறாம் நாள் வரை: குட்டி உண்ணும்போது கதவை மெதுவாகச் சாத்தி, தட்டு காலியாகும் முன்பே திறந்துவிடவும். பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று கூட்டவும். அருகிலேயே உட்கார்ந்திருக்கவும்.

ஏழாம் நாள் முதல்: ஓடி விளையாடிக் களைத்து, மலம் சிறுநீர் கழித்த பின் உள்ளே விடவும். பத்து நிமிடம், கால் மணி, அரை மணி என்று கூட்டவும். இடையிடையே கண்ணில் படாமல் அடுத்த அறைக்குப் போய்த் திரும்பவும். அரை மணி நேரம் அமைதியாகப் படுத்தால் அதன்பின் இரவுப் படுக்கையையும் கூண்டில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த நாட்கணக்கு ஒரு வழிகாட்டியே. சில குட்டிகள் நான்கே நாளில் பழகும். வளர்ந்த நாய்க்கு ஒரு மாதமும் ஆகலாம். ஒரு படியில் தடுமாறினால் முந்தைய படிக்குத் திரும்பவும்.

கூண்டில் விடும்போது கழுத்துப்பட்டையையும் சங்கிலியையும் கழற்றிவிட வேண்டும். பட்டை கம்பியில் மாட்டிக்கொண்டால் கழுத்து இறுகி நாய் இறந்துவிடக் கூடும். திட்டுவதற்கோ தண்டனைக்கோ கூண்டை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. குழந்தைகள் கூண்டுக்குள் கைவிட்டுச் சீண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குட்டி கத்தினால்

முதலில் காரணத்தைப் பார்க்கவும். நெடுநேரம் ஆகியிருந்தால் சிறுநீர் முட்டியிருக்கலாம். விளையாட்டுக் காட்டாமல் வெளியே கொண்டுபோய், கழித்ததும் திரும்ப விடவும். அப்படி இல்லையெனில் சிறிது நேரம் பொறுத்து, கத்தல் நிற்கும் நொடியில் கதவைத் திறக்கவும். கத்தும்போது திறந்தால், கத்தினால் கதவு திறக்கும் என்று குட்டி கற்றுக்கொள்ளும்.

ஆனால் கம்பியைக் கடிப்பது, நகத்தால் பிறாண்டி இரத்தம் வருவது, எச்சில் ஒழுகி மார்பு நனைவது ஆகியவை பிடிவாதம் அல்ல, அச்சத்தின் அறிகுறி. உடனே திறந்துவிட வேண்டும். அந்த நாயை அடைக்காமல், கால்நடை மருத்துவரிடம் யோசனை கேட்கவும்.

எவ்வளவு நேரம்?

இரண்டு மாதக் குட்டியைப் பகலில் ஒன்றிரண்டு மணி நேரத்திற்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது. மூன்று மாதமாகும்போது மூன்று மணி வரை பொறுக்கும். வளர்ந்த நாயானாலும் பகலில் நான்கு மணி நேரத்திற்குள் திறந்துவிடுவது நல்லது. இரவில் நாய் உறங்குவதால் கூடுதல் நேரம் தாங்கும். குட்டியை மட்டும் நடுவில் ஒருமுறை வெளியே விட வேண்டும். காலையிலும் மாலையிலும் ஓட விடாமல் கூண்டில் வைத்திருப்பது வதையே ஆகும். அதிலும் சிப்பிப்பாறை, கன்னி போன்றவை முயலைத் துரத்த வளர்க்கப்பட்ட இனங்கள். ஓட்டமின்றி அவை இருக்க மாட்டா.

சட்டமும் இதையே கூறுகிறது. 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை வைப்பதும், எந்நேரமும் கட்டியோ அடைத்தோ வைத்த நாய்க்கு நடமாட்டம் கொடுக்காமல் இருப்பதும் குற்றங்கள்.

வெப்பமே முதல் எதிரி

மனிதரைப்போல் நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைத்தே உடல் சூட்டைத் தணிக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் இரைத்தாலும் சூடு தணியாது. ராஜா அண்ணாமலைபுரம் கடலுக்கும் அடையாற்றின் முகத்துவாரத்திற்கும் அருகில் இருப்பதால் அங்கே புழுக்கம் மிகுதி. எனவே கூண்டை மேல்மாடியிலோ, வெயில் விழும் பால்கனியிலோ, குளியலறையிலோ வைக்கக் கூடாது. கூடத்தின் ஒரு மூலையில், மின்விசிறிக் காற்று படும்படியும், வீட்டார் கண்ணில் படும்படியும் வைக்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் மின்சாரம் நின்றுபோகலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கவிழாத கிண்ணத்தில் நீர் எப்போதும் இருக்கட்டும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். அது 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. கடும் இரைப்பு, தடித்த எச்சில், தள்ளாட்டம், வாந்தி கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக் காற்றில் வைத்து, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தூய்மை

துணியை அடிக்கடி துவைத்து வெயிலில் காயவைக்கவும். கூண்டை வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவி வெயிலில் வைத்தால் நாற்றமும் போகும். உண்ணியும் இண்டு இடுக்கில் தங்காது. பினாயில் ஊற்றக் கூடாது. நாய் தரையை நக்குவதால் கெடுதி. உண்ணிக்காக வயல் மருந்தைக் கூண்டில் தெளிப்பதும் கூடாது. மருத்துவர் தரும் மருந்தையே பயன்படுத்த வேண்டும்.

குட்டியை அனுப்பும்போது

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. விற்பனைக்காகவே நாய் வளர்ப்பவர் பதிவும் செய்துகொள்ள வேண்டும். குடற்புழு நீக்கம், முதல் தடுப்பூசி ஆகியவற்றை முடித்து, அந்த அட்டையைக் குட்டியுடன் கொடுக்கவும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும் என்பதையும், சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெற வேண்டும் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடவும்.

வளர்ந்த நாயை ரயிலில் அனுப்பினால் காவலர் பெட்டியில் உள்ள நாய்க் கூண்டில் வைப்பார்கள். ராஜபாளையத்திலிருந்து சென்னை வரை ஓர் இரவுப் பயணம். கூண்டே பழகாத நாய்க்கு அது கொடிய இரவாகும். பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து, கால்நடை மருத்துவரின் நலச் சான்றும் பெற்றுக்கொள்ளவும்.

தாயுடன் படுத்திருந்த துணியில் ஒரு துண்டைத் துவைக்காமல் குட்டியுடன் கொடுத்தனுப்பவும். புதிய வீட்டின் கூண்டில் அதை விரித்தால், பழகிய வாசனையில் குட்டி அடங்கி உறங்கும். முதல் சில இரவுகள் கூண்டைத் தாங்கள் படுக்கும் கட்டிலின் அருகிலேயே வைத்துக்கொள்ளும்படி வாங்குபவரிடம் கூறவும்.

பயிற்சியின்போது நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, சிறு கீறல்தானே என்று இருந்துவிடக் கூடாது. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாயின் குணம் திடீரென மாறி, காரணமின்றிக் கடித்தால், அதைக் கையால் பிடித்துக் கூண்டில் அடைக்க முயல வேண்டாம். உடனே கால்நடை மருத்துவருக்குத் தகவல் கொடுக்கவும்.

அடுத்த ஈற்றுக்குக் காத்திருக்கும் விவசாயிகள், தாய் குட்டி போடுமுன்பே ஒரு கூண்டைச் செய்து, கதவைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிடலாம். சந்தேகம் இருப்பின் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையோ, சென்னையில் இருப்போர் வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம்.