தீ எச்சரிக்கை மணிக்கு எத்தனை வோல்ட்?

கேள்வி: மலையில் மாணவர் விடுதி நடத்துகிறோம். அலுவலகத்திலிருந்து பிள்ளைகள் தூங்கும் கூடம் 150 மீட்டர் தள்ளி இருக்கிறது. விறகடுப்புச் சமையல்கூடம் தனி. காற்று மழை வந்தால் கரண்ட் போய்விடும். தீ எச்சரிக்கை அமைப்புக்கு ஒருவர் 12 வோல்ட் போதும் என்கிறார், இன்னொருவர் 24 என்கிறார். இருக்கிற இன்வெர்ட்டரிலேயே 230 வோல்ட் மணியை மாட்டலாம் என்கிறார் எங்கள் எலக்ட்ரீசியன். எது சரி?
- வாசகர், ஜமுனாமரத்தூர்

பதில்: 24 வோல்ட் டி.சி. போடுங்கள். கரண்ட் போன இரவில், கடைசி ஹூட்டருக்கு (ஒலி எழுப்பும் கருவி) எவ்வளவு வோல்ட் போய்ச் சேருகிறது என்பதுதான் கணக்கு.

1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில், 150 மீட்டர் போய்த் திரும்ப மின்தடை சுமார் 3.6 ஓம். 12 வாட் ஹூட்டர் 24 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும், வழியில் 1.8 வோல்ட் குறையும். அதே 12 வாட்டுக்கு 12 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் வேண்டும், 3.6 வோல்ட் போய்விடும். பேட்டரி வடிந்து 10.5 வோல்ட்டுக்கு இறங்கினால் ஹூட்டருக்குக் கிடைப்பது ஏழுதான். அது கத்துமா என்பதே சந்தேகம். 24 வோல்ட் அமைப்பு அதேபோல் 21க்கு இறங்கினாலும் 19 கிடைக்கும். எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் என்றால் 12 வோல்ட்டே போதும்.

இன்வெர்ட்டர் யோசனை வேண்டாம். விசிறியும் விளக்கும் ஓடி, விடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். தீ எச்சரிக்கை அமைப்பின் கட்டுப்பாட்டுப் பேனலுக்கென்று தனியாக இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணையுங்கள். சும்மா இருக்கையில் 0.15 ஆம்பியர் வீதம் 24 மணி நேரம், மணி ஒலிக்கையில் ஓர் ஆம்பியர் வீதம் அரை மணி, மொத்தம் 4.1 ஆம்பியர்-மணி. பேட்டரி பழசாகும் என்று கால் பங்கு கூட்டினால் 5.1. கடையில் கிடைக்கும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி சரியாக இருக்கும்.

2004இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ சமையல்கூடத்தில்தான் பிடித்தது. ஆகவே அங்கும் டிடெக்டர் வையுங்கள். ஆனால் புகை டிடெக்டர் வேண்டாம். விறகுப் புகைக்குத் தினமும் கத்தினால், யாராவது இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள். வெப்ப டிடெக்டரே பொருத்தம்.

டிடெக்டர், ஹூட்டர் எல்லாவற்றிலும் '24 வோல்ட் டி.சி.' என்று இருக்கிறதா பாருங்கள். 12 வோல்ட் கருவி கலந்தால் கருகிவிடும். கட்டடங்களுக்கு இடையே போகும் வயருக்கு இடி மின்னல் பாதுகாப்புக் கருவி அவசியம்.

வேலை முடிந்ததும் மெயினை அணைத்துவிட்டு மணியை ஒலிக்கவிட்டு, கடைசி ஹூட்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹூட்டரில் குறித்துள்ள குறைந்தபட்ச வோல்ட்டுக்கு மேல், பேட்டரி இறங்குவதற்கும் இடம்விட்டு அளவு காட்டினால் பணத்தைக் கொடுங்கள்.