பாம்பின் உடலில் ஒரு புடைப்பு

மாணவர்களே, இரையை விழுங்கிய பாம்பு நடுவயிறு புடைத்துக் கிடப்பதைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சில நாள்களில் அந்தப் புடைப்பு வடிந்துவிடும். மூன்று வாரமாகியும் வடியாவிட்டால்?

அமெரிக்காவில் இக்கேள்வியோடு கால்நடை மருத்துவரிடம் வருபவர்கள் உண்டு. அங்கே பலர் வீட்டில் சோளப்பாம்பு வளர்க்கிறார்கள். அந்நாட்டின் தென்கிழக்குப் பகுதிக்கு உரிய, நஞ்சற்ற, எலி தின்னும் பாம்பு அது. (இங்கே சாரைப்பாம்பைத் தேடி யாரும் வயலுக்குக் கிளம்பிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்!)

மருத்துவர் முதலில் பார்ப்பது புடைப்பு எங்கே இருக்கிறது என்பதை. பாம்பின் உறுப்புகள் ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தவை. முன் மூன்றில் ஒரு பகுதியில் இதயம். நடுவில் நுரையீரல், கல்லீரல், இரைப்பை. கடைசியில் பித்தப்பை, சூலகம், குடல், சிறுநீரகம். முகவாய் முதல் கழிவுத்துளை வரை 100 செ.மீ. உள்ள பாம்பில் 55 செ.மீ. தொலைவில் புடைப்பு இருந்தால் இரைப்பையையோ கல்லீரலையோ சந்தேகிக்கலாம். வளர்ப்பவர் அதை அமுக்கிப் பார்ப்பது மட்டும் கூடாது. உள்ளே இருப்பது முட்டையானால் உடைந்துவிடக்கூடும்.

அடுத்து எக்ஸ் கதிர்ப் படம். இக்கதிர்களைப் பொருள்கள் உட்கவரும் அளவு, ஏறத்தாழ அணு எண்ணின் மும்மடியைப் பொறுத்தது. கால்சியத்தின் அணு எண் 20; ஆக்சிஜனுடையது 8. 20-ஐ 8-ஆல் வகுத்து மும்மடியாக்கிப் பாருங்கள்: 15-க்கு மேல் வருகிறது. எலும்பு படத்தில் பளிச்சென்று தெரிவது இதனால்தான். சீழ், கல்லீரல், புற்றுக்கட்டி ஆகியவற்றில் பெரும்பகுதி நீரே. மூன்றும் ஒரே சாம்பல் நிறமாக விழும். பாம்பு முட்டையின் ஓட்டிலும் கால்சியம் குறைவாகையால் அதுவும் மங்கலாகவே தெரியும்.

இங்கே மீயொலி கைகொடுக்கிறது. மென்திசுவில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் செல்லும். அதிர்வெண் 10 மெகாஹெர்ட்ஸ் எனில் அலைநீளம் 0.15 மி.மீ. அவ்வளவு நுணுக்கமான அலை திரவத்தையும் திண்மத்தையும் பிரித்துக் காட்டும், 1 செ.மீ. ஆழத்திலிருந்து எதிரொலி வர 13 மைக்ரோவினாடி போதும். ஆனால் செதில்களுக்கிடையே காற்று தங்கினால் ஒலி முழுதும் அங்கேயே திரும்பிவிடும். அதனால்தான் கூழ் போன்ற பொருளைத் தாராளமாகப் பூசிக் கருவியை வைக்கிறார்கள். சட்டை உரிக்கும் தறுவாயில் உள்ள பாம்பில் தெளிவான படம் கிடைப்பது கடினம்.

திண்மம் என்று தெரிந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. நமது சீழ் ஒழுகும். பாம்பின் சீழ் பாலாடைக்கட்டி போல் இறுகிவிடும். ஊசியால் உறிஞ்சினால் ஒன்றும் வராமலே போகலாம். மருந்தும் அதற்குள் எளிதில் புகாது. சீழ்க்கட்டியை அறுத்தே எடுக்க வேண்டும். புற்றா, சீழா என்று கடைசியில் தீர்த்துச் சொல்வது, கட்டியின் துணுக்கை மெல்லியதாகச் சீவிச் சாயமிட்டுப் பார்க்கும் நுண்ணோக்கியே.

பாம்பு இரையைக் கக்கியும் வந்தால் இன்னொரு சந்தேகம் எழுகிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி இரைப்பைச் சுவரைத் தடிக்கச் செய்யும். அப்போது புடைப்பு தனிக் கட்டியன்று, இரைப்பையே வீங்கியிருக்கிறது! இரைப்பையைக் கழுவியெடுத்த நீரில் ஒட்டுண்ணியைத் தேடுவார்கள். நிச்சயமாகக் குணப்படுத்தும் மருந்து இதற்கு இல்லை. மற்றப் பாம்புகளுக்கும் தொற்றும் என்பதால், முடிவு தெரியும்வரை அந்தப் பாம்பைத் தனிக் கூண்டில் வைப்பது அவசியம்.

கடைசியாக இரை தின்ற நாள், சட்டை உரித்த நாள், வாராவாரம் எடுத்த எடை, புடைப்பின் அருகே அளவுகோல் வைத்து எடுத்த படம்: வளர்ப்பவர் இவற்றைக் கொண்டுவந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.