மதனப்பள்ளி வரியிலிருந்து ஆரம்பியுங்கள்: மருந்துப் பாதுகாப்புக் கணக்கில் ஒரு வேலை

"மருந்து கொடுத்த 300 பேரில் ஒருவருக்குக்கூட ஈரல் பாதிக்கவில்லை. ஆகவே ஈரலுக்கு ஆபத்தில்லை என்று அறிக்கையில் எழுதலாமா?"

மருந்துப் பாதுகாப்புப் பிரிவில் புள்ளியியல் வேலைக்குப் போகிறவர் இந்த மாதிரிக் கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும். "எழுதக்கூடாது சார்" என்றால் பாதி மார்க். எவ்வளவு ஆபத்து இன்னும் மறைந்திருக்கலாம் என்று சொன்னால்தான் மீதி. மூன்றை 300-ஆல் வகுத்தால் போதும்: நூற்றுக்கு ஒன்று. பூஜ்யம் வந்த ஆய்விலும் உண்மையான ஆபத்து நூற்றில் ஒருவர் வரை இருக்க இடமுண்டு. 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மேல் எல்லை அது. லட்சம் பேர் விழுங்கப்போகும் மாத்திரையில் அது ஆயிரம் பேர்.

ஒரே ஆய்வை வைத்து அரிய பக்கவிளைவைப் பிடிப்பது கடினம் என்பதால், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் மெட்டா அனாலிசிஸ் இங்கே கைகொடுக்கிறது. அதையே பேயஸ் முறையில் செய்தால், ஏற்கெனவே தெரிந்ததை முதலில் எண்ணாக எழுதிவைக்கிறோம், அது பிரையர். ஆய்வுத் தரவு வந்ததும் அதைத் திருத்துகிறோம். திருத்தி வருவது போஸ்டீரியர். இவ்வளவுதான் தத்துவம். கணினி கணக்கைப் போட்டுவிடும். எதை எதோடு சேர்த்தாய், பிரையரை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரிந்தவர்தான் குறைவு. வேலைச்சந்தையில் விலை அதற்குத்தான்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பி.ஃபார்ம், ஃபார்ம்.டி, எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம் என்று சமாளித்தவர்களுக்கு நான்காவதாக ஆர் (R) என்ற கணினி மொழி ஒரு சுமையே இல்லை. வேலைகள் இருப்பது பெரும்பாலும் பெங்களூரு, ஹைதராபாத், சென்னை, புனேயில்: சி.ஆர்.ஓ. எனப்படும் ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனங்கள், பன்னாட்டு மருந்துக் கம்பெனிகளின் இந்திய அலுவலகங்கள்.

உள்ளே போக இரண்டு வாசல்கள். ஃபார்மசி படித்தவர்களுக்குக் கேஸ் புராசஸிங்: வந்த பக்கவிளைவுத் தகவலைப் படித்து, மெட்ரா (MedDRA) என்ற மருத்துவச் சொல் அகராதிப்படி குறியீடு கொடுத்து, நோயாளிக்கு நடந்ததைச் சுருக்கமாக எழுதுவது. புள்ளியியல் படித்தவர்களுக்குச் சாஸ் (SAS) மென்பொருளில் புரோகிராமிங்: அட்டவணைகள், வரைபடங்கள். பேயஸ் மெட்டா அனாலிசிஸை முதல் மாதமே யாரும் உங்கள் கையில் தரமாட்டார்கள். ஆனால் அது தெரிந்தவர் அட்டவணை போடும் மேசையிலேயே வருடக்கணக்கில் தங்குவதும் அபூர்வம். முதல் வாசலில் நுழைகிறவர்கள் அதைக் கீழான வேலையாக நினைக்க வேண்டாம். ஒரே ஈரல் பாதிப்பை ஓர் ஆய்வில் "மஞ்சள்காமாலை" என்றும் இன்னொன்றில் "என்சைம் உயர்வு" என்றும் பதிந்திருந்தால், அவற்றைக் கூட்டலாமா என்று தீர்மானிப்பது குறியீட்டு அனுபவம் உள்ளவர்தான். சூத்திரம் அங்கே உதவாது.

பயிற்சிக்கு எங்கே தொடங்குவது? ஆர் மொழி இலவசம். அதில் மெட்டாஃபோர் என்ற தொகுப்பை நிறுவினால் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி பற்றிய 13 ஆய்வுகளின் தரவு கூடவே வரும். உலகம் முழுக்கப் பல மாணவர்கள் மெட்டா அனாலிசிஸ் பழகுவது அந்தத் தரவில்தான். அதன் ஐந்தாவது வரியில் இருப்பது மதனப்பள்ளி! பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகே 1915-இல் தொடங்கிய ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையிலிருந்து, டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் ஃப்ரிமோட் மோலர் குழு சுற்றுவட்டார மக்களிடம் நடத்தி 1973-இல் வெளியிட்ட ஆய்வு. எட்டாவது வரி, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய மாபெரும் பிசிஜி ஆய்வு. நகரி, புத்தூர்க்காரர்கள் ரயிலில் சென்னை போகும்போது அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போகிறார்கள்.

அந்த இரண்டு வரிகளையும் கையால் கணக்கிட்டுப் பாருங்கள். மதனப்பள்ளியில் ஊசி போட்ட 5,069 பேரில் 33 பேருக்குக் காசநோய். போடாத 5,808 பேரில் 47 பேருக்கு. ஆபத்து விகிதம் 0.80. செங்கல்பட்டில் இரு பக்கமும் தலா 88,391 பேர். நோய் வந்தவர்கள் ஊசி போட்ட பக்கம் 505, போடாத பக்கம் 499. விகிதம் 1.01, அதாவது ஊசியால் பயனே தெரியவில்லை. 13 ஆய்வுகளையும் சேர்த்தால் சராசரி 0.49; ஊசி ஆபத்தைப் பாதியாகக் குறைப்பதுபோல் தெரியும்.

இப்போது பேயஸ் பாணியில், ஒவ்வோர் ஆய்வும் மற்றவற்றிடமிருந்து கொஞ்சம் கடன் வாங்கட்டும். மதனப்பள்ளியின் 0.80 ஏறத்தாழ 0.75-க்கு இறங்குகிறது. செங்கல்பட்டு 1.00-ஐ ஒட்டியே அசையாமல் நிற்கிறது. சிறிய ஆய்வு அதிகம் இழுபடும், பெரிய ஆய்வு இழுபடாது. பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதைவிட இந்த இரண்டு எண்களைப் பார்த்தால் சட்டென்று விளங்கும்.

அந்தத் தரவில் அட்சரேகைக்கென்று ஒரு பத்தியும் இருக்கிறது. நம் இரண்டு வரிகளுக்கும் 13 டிகிரி. வடக்கே, குளிர்நாடுகளில் ஊசி நன்றாக வேலை செய்திருக்கிறது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கப் பயன் குறைகிறது. 0.49 என்ற உலகச் சராசரியைக் கொண்டுபோய்ச் செங்கல்பட்டில் சொல்லியிருந்தால் அது தவறான வாக்குறுதி. மருந்துப் பாதுகாப்பிலும் இதே கதைதான். அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளைப் பிரையராக வைக்கும்போது, நம் நோயாளிகளின் வயது, எடை, கூடவே சாப்பிடும் மருந்துகள் அவற்றோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டே ஆக வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: மதனப்பள்ளி வரியில் ஆட்களைப் பிரித்த முறை குலுக்கல் அல்ல, ஒருவிட்டு ஒருவர். அடுத்து வருபவருக்கு என்ன கிடைக்கும் என்று முன்பே தெரிந்துவிடும் முறை அது. அதைத் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும் மாணவரை எந்தத் தேர்வாளரும் மறக்கமாட்டார்.

பிசிஜி தரவு பயனை அளப்பது. பாதுகாப்புக்கு வரும்போது ரோசிகிளிட்டசோன் கதை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கான மாத்திரை. 2007-இல் ஸ்டீவன் நிஸ்ஸன், கேத்தி வோல்ஸ்கி இருவரும் 42 ஆய்வுகளைச் சேர்த்து, மாரடைப்பு ஆபத்து 1.43 மடங்கு என்று வெளியிட்டார்கள். 95 சதவீத எல்லை 1.03 முதல் 1.98. மாரடைப்புகளின் எண்ணிக்கை: மருந்து எடுத்த சுமார் 15,560 பேரில் 86, எடுக்காத சுமார் 12,280 பேரில் 72.

கால்குலேட்டரை எடுங்கள். 86-ஐ 15,560-ஆல் வகுத்தால் 0.55 சதவீதம். 72-ஐ 12,280-ஆல் வகுத்தால் 0.59 சதவீதம். மொத்தமாகக் கூட்டினால் மருந்து எடுத்தவர்களுக்கே மாரடைப்பு குறைவு! ஒவ்வோர் ஆய்வுக்குள்ளும் தனித்தனியாக ஒப்பிட்டுப் பிறகு சேர்த்தால் அதிகம். பல ஆய்வுகளில் மருந்துக்கு ஒதுக்கியவர்கள் எதிரணியைவிட அதிகம். ஆய்வுக்கு ஆய்வு அடிப்படை ஆபத்தும் வேறு. அதனால் வரும் மாயம் இது; சிம்சனின் புதிர் என்பார்கள். எக்செல்லில் இரண்டு பத்திகளைக் கூட்டி மெட்டா அனாலிசிஸ் என்று பெயர் சூட்டுகிறவர்களை இந்த ஒரு கேள்வியிலேயே வடிகட்டிவிடலாம். மாரடைப்பே வராத ஆய்வுகள் நிஸ்ஸனின் முறையில் கணக்குக்குள் வரவேயில்லை என்பது தனி விவகாரம்.

பேயஸ் முறை இங்கே என்ன தரும்? 1.43-ஐயும் அதன் எல்லைகளையும் வைத்து, எந்தப் பக்கமும் சாயாத பிரையரோடு தோராயமாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஆபத்து ஒன்றைத் தாண்ட வாய்ப்பு 98 சதவீதம், 1.3 மடங்கைத் தாண்ட 72, 1.8-ஐத் தாண்ட 8. இந்த 1.3-ம் 1.8-ம் என் கற்பனை அல்ல. இந்தச் சர்ச்சைக்குப் பிறகு 2008 டிசம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. புதிய சர்க்கரை மருந்துகளின் இதய ஆபத்துக்கு வகுத்த எல்லைகள். அடுத்து, ஐயப்படும் பிரையர் ஒன்றை வைத்தேன்: ஆபத்து ஒன்றைச் சுற்றியே இருக்கும், பெரும்பாலும் 0.68-க்கும் 1.48-க்கும் நடுவில் என்று. உடனே 72 சதவீதம் 34-க்கு இறங்கிவிட்டது. தரவு அதேதான்.

"அப்படியானால் இஷ்டத்துக்கு விடை வரவழைக்கலாமே?" என்று தேர்வாளர் கேட்பார்; கேட்க வேண்டும். வரவழைக்கலாம், பிரையரை முடிவு தெரிந்த பிறகு எழுதினால். அதனால்தான் ஆய்வுத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதித் தேதி போட வேண்டும். சாயாத ஒன்று, ஐயப்படும் ஒன்று, பழைய ஆய்வுகளிலிருந்து எடுத்த ஒன்று என்று மூன்று பிரையர்களோடும் விடையைக் காட்ட வேண்டும். மூன்றும் ஒரே திசையில் நின்றால் நிம்மதி. நிற்காவிட்டால் தரவு போதவில்லை என்று அர்த்தம். அதை மறைக்காமல் எழுதுவதுதான் உங்கள் வேலை. ஆய்வுகள் மூன்று நான்குதான் என்றால் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டுக்கு வைக்கும் பிரையரும் விடையை ஆட்டும். பேயஸ்மெட்டா என்ற ஆர் தொகுப்பில் இதை ஒரு மாலையில் சோதித்துவிடலாம்.

ரோசிகிளிட்டசோனை 2010-இல் இந்தியா நிறுத்தியது, ஐரோப்பாவும் நிறுத்தியது. அமெரிக்கா கட்டுப்பாடு மட்டும் விதித்து, 2013-இல் அதையும் பெரும்பாலும் தளர்த்தியது. அதே 2013-இல் அதன் உறவுக்கார மருந்தான பயோகிளிட்டசோனை, சிறுநீர்ப்பை புற்றுநோய் அச்சத்தால் நம் மத்திய அரசு ஜூனில் தடை செய்து, ஜூலை கடைசியில் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தது. ஆபத்து எவ்வளவு என்பதற்குத்தான் நாம் எண் தருகிறோம். அந்த ஆபத்தை ஏற்கலாமா என்பதை மாற்று மருந்து, விலை, நோயின் கடுமை எல்லாம் பார்த்து வேறொருவர் தீர்மானிக்கிறார். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் இளைஞர்கள் அறிக்கையில் "தடை செய்ய வேண்டும்" என்று எழுதிவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பம், தானாக வரும் புகார்களை ஆய்வுத் தரவோடு சேர்ப்பது. 2010-இல் தொடங்கிய இந்திய ஃபார்மகோவிஜிலன்ஸ் திட்டத்துக்கு மருத்துவமனைகளிலிருந்து பக்கவிளைவுப் படிவங்கள் போகின்றன. 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் யாரும் தெரிவிக்கலாம். அவை சந்தேகத்தைக் கிளப்ப உதவும். ஆனால் மருந்து சாப்பிட்டவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று அங்கே தெரியாது. பகுதி எண் இல்லாத பின்னம். ஆய்வில் அப்படியில்லை: 2019 விதிகளின்படி, கடுமையான பாதிப்பு நேர்ந்தால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், நடத்தும் கம்பெனி 14 நாளில் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும்.

உள்ளூரிலேயே செய்யக்கூடியவை நிறைய. திருப்பதியில் ஸ்விம்ஸ், ருயா, சித்தூர் அப்போலோ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் மருந்தியல் துறைக்குப் போய், பக்கவிளைவுக் கண்காணிப்பில் சேர்ந்து பழக இடமுண்டா என்று கேளுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 முதல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது; திருப்பதியில் எந்தெந்த ஆய்வுகள் பதிவாகியிருக்கின்றன என்று தேடிப் படியுங்கள். முறையாகப் படிக்க, எஸ்.வி. பல்கலைக்கழகப் புள்ளியியல் துறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலூர் சி.எம்.சி.; உயிர்ப்புள்ளியியலில் எம்.எஸ்சி. அங்கே உண்டு, ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையமும் அங்கேதான் வளர்ந்தது. வேலை உத்தரவாதம் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கும் குறுகிய காலப் பயிற்சி நிலையங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பாடம் எடுப்பவர் எந்த ஆய்வில் வேலை பார்த்திருக்கிறார்?" பதில் வழவழவென்று வந்தால் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

விண்ணப்பத்தோடு சான்றிதழ்க் கட்டு வேண்டாம். ஒரு பக்க அறிக்கை வையுங்கள். ரோசிகிளிட்டசோனையே எடுத்துக்கொள்ளலாம்: கேள்வி ஒரு வரி, எந்த ஆய்வுகளைச் சேர்த்தீர்கள், எவற்றை ஏன் விட்டீர்கள், மூன்று பிரையர்கள், மூன்று விடைகள், ஒரு படம். அதைப் புள்ளியியல் தெரியாத ஒரு டாக்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் நின்று "இதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்று கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதிவிட்டு அனுப்புங்கள்.