வெளியுலாக் கழகமும் மாணவர் தலைமையும்

மலையேறுதல், காட்டுவழி நடத்தல், புள்ளும் மரமும் கண்டறிதல் முதலியவற்றின் பொருட்டுக் கல்லூரிகளில் அமைவன வெளியுலாக் கழகங்களாம். இவற்றை ஆசிரியரே முன்னின்று நடத்தல் வேண்டுமோ, அன்றி மாணவரிடம் தலைமையை ஒப்புவித்தல் தகுமோ என்பது ஆராயற்பாலது. திண்டுக்கல்லிற் பயிலும் நமக்கு இவ்வினா அயலதன்று. ஊரையொட்டி மலைக்கோட்டையும், சமவெளிக்கு அப்பால் சிறுமலைத் தொடரும் நாடோறும் கண்முன் நின்று நம்மை அழைக்கின்றன.

இளைஞர் தலைமை நிலைபெறுமோ என ஐயுறுவார்க்குச் சென்னைக் கடற்கரையே விடை கூறும். அங்கே 1988-ஆம் ஆண்டில் மாணவர் சிலர் கூடி, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினைத் தோற்றுவித்தனர். பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள இரவுகளில், நீலாங்கரையினின்று பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் மணலில் நடந்து, ஆமையின் சுவட்டைத் தேடுவது அவர்தம் பணி. ஒரு கூட்டில் ஏறக்குறைய 100 முட்டைகள் இருக்கும். நாயும் மனிதரும் கவராவண்ணம் அவற்றை எடுத்துச் சென்று, கடற்கரைப் பொரிப்பகத்தில், தாய் தோண்டிய குழியின் ஆழத்தையும் வடிவையும் ஒத்த குழியிற் புதைப்பர். ஏறத்தாழ 45 நாளிற் குஞ்சுகள் வெளிப்படும். அவை தெருவிளக்கின் ஒளியால் மயங்கி நிலத்தின் பக்கம் சென்று மடியாவாறு காத்துக் கடலில் விடுவர்.

நள்ளிரவில், காற்றால் சுவடு அழிந்தவிடத்து எங்கே தேடுவது, களைத்தாரை எவ்வாறு நடத்துவது என்பவற்றை முன்செல்வோர் அவ்விடத்தே துணிதல் வேண்டும். பிறரை வினவிவர நேரமில்லை. துணிவு பிழைப்பின் முட்டைகள் கெடும். இவ்வாறு விளைவோடு பிணைந்த பொறுப்பே தலைமையைப் பயிற்றும். சொற்பொழிவு மட்டும் அதனைப் பயிற்றாது. மாணவர் ஆண்டுதோறும் கல்லூரியை நீங்குவர். ஆயினும் அவ்வமைப்பு நிலைத்து வந்துள்ளது. முன்னவர் தாம் கற்றதனைப் பின்வருவார்க்கு உடன் நடந்தே கற்பித்தமை அதற்கொரு காரணமாம்.

மாணவர் தலைமை என்பது கட்டின்மை அன்று. சிறுமலைக்குச் செல்லுங்கால், வேண்டுமிடத்து வனத்துறையினரின் இசைவு பெறுதல், குடிநீரை அளந்து கொள்ளுதல், ஆளெண்ணுதல், தளர்ந்து நடப்பாரது நடையையே குழுவின் நடையாகக் கொள்ளுதல், மழைமுகில் திரண்டபோது உச்சியை விடுத்துத் திரும்புதல் ஆகியவை தலைவர்தம் கடன். புறப்படுமுன் ஆசிரியரின் அறிவுரையைக் கேட்டலும், மீண்டபின் அவரிடம் கணக்குரைத்தலும் அக்கடனில் அடங்கும்.

இவற்றுள் அரியது திரும்புதலே. ஆசிரியர் திரும்புக என்பாராயின் மாணவர் கீழ்ப்படிவர். தம்முள் ஒருவர் அவ்வாறு கூறின், ஏன் என்று வினவுவர். அவ்வினாவிற்கு விடை கூறித் தோழரை இசைவிக்கும் ஆற்றலன்றோ பிற்காலத்தில் ஊர்ப்பணியிலும் தொழிலிலும் நம்பால் வேண்டப்படுவது!

ஆதலின், தலைமையை ஒருவர்க்கே உரித்தாக்காது, இரண்டாம் ஆண்டு மாணவர் முன்னே செல்ல, மூன்றாம் ஆண்டினர் வரிசையின் கடைசியில் துணையாய் நடப்பாராக. முன்செல்லக் கற்றலினும், பின்னின்று பிறரை முன்செல்ல விடுதல் கடிது. அதனையும் நாம் மலைவழியிற் கற்போமாக.